பிடித்தவன் வைக்கும் மண்

திருநாவுக்கரசின் பிடியைப் பற்றிக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பலவிதமாகச் சொல்வார்கள். அவற்றில் பாதிக்கு மேல் உண்மை. ஒருமுறை நெல்லிக்குப்பம் போகும் டவுன் பஸ்ஸின் பின்பக்க ஏணியை அவன் சும்மா பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். டிரைவர் முதல் கியரில் முக்கி முக்கிப் பார்த்துவிட்டு, வண்டியில் ஏதோ கோளாறு என்று டிப்போவுக்குச் சொல்லி அனுப்பினாராம். அந்த டிரைவர் மேல்பட்டாம்பாக்கத்துக்காரர், பொய் சொல்லத் தெரியாதவர். இப்போது உயிரோடு இல்லை என்பதால் அவரிடம் கேட்டுப் பார்க்க முடியாது.

அந்தக் கையை நம்பித்தான் கெடிலக்கரை கபடிக் குழு அவனை இடது கார்னரில் நிறுத்தியிருந்தது. பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடிப்பது அவன் வேலை. பிடித்தால் பிடித்ததுதான். மூச்சடக்கி ஆடுகிற ஆட்டத்தில் திருநாவுக்கரசு என்று முழுசாகக் கூப்பிட யாருக்கும் மூச்சு போதாது, அதனால் அரசு. ஆட்டம் இல்லாத நேரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் உட்கார்ந்திருப்பான்.

குழுவுக்குப் பாடிப் போகிறவன் லியோ. முதுநகர் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த பையன், துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை. அவன் பாடிப் போய்த் திரும்பும்போது, அவனுடைய நிழல் மட்டும் எதிராளி பக்கம் கொஞ்ச நேரம் தங்கிவிட்டுப் பிறகுதான் கோட்டைத் தாண்டும் என்பார்கள். நிழலைப் பிடித்தால் அவுட் கொடுக்கலாமா என்று நடுவர்கள் விதிப் புத்தகத்தைப் புரட்டியதும் உண்டு. அரசுவும் லியோவும் சாமி வேறு, சாதி வேறு, ஆனாலும் சின்ன வயதிலிருந்தே ஒருவருக்கொருவர் மச்சான்.

அந்தக் குழுவில் ஒரு பழக்கம் இருந்தது. பிடிபட்டவனுக்கு முட்டியிலோ முழங்கையிலோ சிராய்த்திருந்தால், பிடித்தவனே நடுக்கோட்டிலிருந்து ஒரு சிட்டிகை மண் எடுத்து அந்த இடத்தில் அப்பிவிட வேண்டும். எரியும். எரிந்தால் ஆறுகிறது என்று அர்த்தம். மண் வைக்கிறவரை இரண்டு பேருக்கும் பகை, வைத்த பிறகு கிடையாது. மஞ்சக்குப்பம் மைதானத்தின் நடுக்கோட்டு மண் உடைந்த எலும்பையே ஒட்ட வைக்கும் என்று குழுவின் மேனேஜர் ஆண்டி அடித்துச் சொல்வார். அவருடைய சுண்டுவிரல் ஒன்று கோணலாகவே இருக்கும். அது வெளியூரில் உடைந்தது, அந்த ஊர் மண் சரியில்லை என்பார்.

இரண்டாயிரத்து எட்டு டிசம்பரில், மழை விட்டு மைதானம் இறுகிக் கிடந்த ஒரு காலையில், பயிற்சியில் லியோ பாடி வந்தான். அரசு கணுக்காலைப் பிடித்தான். இரண்டு பேரும் உருண்டதில் அரசுக்கு முழங்கையும் லியோவுக்கு முட்டியும் சிராய்த்துக்கொண்டன. அரசு வழக்கம்போல ஒரு சிட்டிகை மண்ணோடு லியோவிடம் குனிந்தான்.

"காட்டுடா முட்டிய."

லியோ காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். "வேணாம் மச்சான்."

"எரியும்னு பயமா? என்னமோ புதுப்பொண்ணாட்டம் இழுக்குற."

"வேணாங்கிறேன்ல. நீ உன் முழங்கையப் பாரு. மண்ணு வைக்காத. பைப்புல போயி சோப்புப் போட்டுக் கழுவு."

இப்படியொரு யோசனையை அந்த மைதானத்தில் அதுவரை யாரும் சொன்னதில்லை. அரசு சிரித்துக்கொண்டே குழாயடிக்குப் போனான். லியோவும் பின்னாலேயே வந்தான். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"எனக்கு எச்.ஐ.வி. இருக்குது மச்சான். ஆறேழு மாசமா ஜி.எச்.ல மாத்திர வாங்கிச் சாப்பிடுறேன்."

அரசு குழாயை மூட மறந்து நின்றான்.

"எனக்கு ரத்தம் ஓடல. மேல்தோலுதான் உரிஞ்சிருக்கு. உனக்கும் அப்படித்தான். ஒண்ணும் ஆவாதுன்னு தெரியும். ஆனா நீ மண்ணத் தூக்கிக்கிட்டு வந்த பாரு, அதுக்கப்புறம் சொல்லாம இருக்க முடியல."

"ம்," என்றான் அரசு. லியோ ஐஸ் கம்பெனிக்குச் சைக்கிளில் ஏறிப் போன பிறகும் அவன் முழங்கையைக் கழுவிக்கொண்டே இருந்தான். குழாயடியில் இருந்த சோப்புக்கட்டி தபால்தலை மாதிரி ஆன பிறகுதான் நிறுத்தினான். அன்றைக்கு மைதானத்தை ஒட்டிய வாய்க்காலில் ஓடிய நுரை கெடிலம் ஆற்றில் கலந்து தேவனாம்பட்டினம் கடல்வரை போனதாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது கொஞ்சம் ஜாஸ்தி. பாலம்வரைதான் போனது.

வீட்டில் நான்கு வயது மகள் சுவேதா தூக்கச் சொல்லி ஓடி வந்தாள். அரசு இடது கையை உயரத் தூக்கிக்கொண்டு வலது கையால் அவளை ஓரமாக நகர்த்தினான். சாப்பிடும்போதும் அந்தக் கை மேலேயே இருந்தது.

"ஏங்க, டிராபிக் போலீசுல சேந்துட்டீங்களா?" என்றாள் மனைவி தில்லைநாயகி. "யாரு வண்டிய நிறுத்துறீங்க?"

அவன் சொல்லிவிட்டான். அவள் கரண்டியை வைத்துவிட்டு முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். எட்டணா அகலத்துக்குத் தோல் உரிந்து, அதற்குள்ளாகவே பொருக்குக் கட்டத் தொடங்கியிருந்தது.

"அவுருக்கு எப்படியிருக்கும் பாவம்," என்றாள் முதலில். பிறகு, "கேக்க வேண்டியவுங்களக் கேட்டீங்களா, இல்ல நீங்களே டாக்டரா? காலைல ஆஸ்பத்திரிக்குப் போங்க. வெளிய யார்கிட்டயும் வாயத் தொறக்காதீங்க. அது அவுரு விஷயம்."

மறுநாள் அரசு, ஜி.எச்.சில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கென்று இருக்கும் நம்பிக்கை மையத்துக்குப் போனான். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடக் கூடாதென்று ஹெல்மெட் போட்டபடியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவன் வந்தது சைக்கிளில். அந்த ஹெல்மெட்டின் பின்பக்கத்தில் 'அரசு ஒயின்டிங், மஞ்சக்குப்பம்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. பெஞ்சில் இருந்த எல்லாரும் படித்துவிட்டு மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

உள்ளே ஆலோசகர் அந்தோணிமேரி கதவைச் சாத்திவிட்டு, "ஹெல்மெட்டக் கழட்டலாம், இங்க எதுவும் மேல விழாது," என்றார்.

அரசு பெயர் எதையும் சொல்லாமல் நடந்ததை மட்டும் சொன்னான்.

"ரெண்டு பேருக்கும் ரத்தம் ஓடுச்சா?"

"ஓடலிங்க. கசிஞ்சிருக்கும். மண்ணு ஒட்டியிருந்திச்சி."

"உங்க காயமும் அவுரு காயமும் ஒண்ணோட ஒண்ணு உரசிச்சா?"

"எனக்கு முழங்கை, அவனுக்கு முட்டிங்க. நான் கணுக்காலத்தான் புடிச்சிருந்தேன்."

"அப்ப பயப்பட வேண்டியது இல்ல. நல்ல தோலு வழியா அந்தக் கிருமி போகாது. வேர்வ, எச்சில், தொடுறது, கட்டிப் புடிக்கிறது, எதுலயும் வராது. மேலாப்புல சிராய்ச்ச இடத்துல வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கொறவு. ஒருத்தருக்கு நல்லா ரத்தம் ஓடி, அது இன்னொருத்தரோட புதுக் காயத்துக்குள்ள போயிக் கலந்தா, அதை மட்டும் இல்லவே இல்லன்னு சொல்ல மாட்டேன். அதுவும் விளையாட்டுல நடந்ததா காட்டுறதுக்கு உதாரணம் தேடினாலும் கெடைக்கிறது அபூர்வம். அவுரு மாத்திரைய ஒழுங்கா சாப்பிட்டா கிருமியும் கொறஞ்சிடும். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். யாருக்கு ரத்தம் வந்தாலும், அவுருக்குன்னு இல்ல, யாருக்கு வந்தாலும், ஆட்டத்த நிறுத்தி வெளிய வந்து கழுவி பிளாஸ்திரி ஒட்டிட்டு உள்ள போகணும்."

டாக்டரும் வந்து பொருக்கைப் பார்த்தார். இதற்கு மாத்திரை எதுவும் வேண்டாம், மனசு திருப்திக்கு இன்றைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, மூன்று மாதம் கழித்து ஒன்று, போதும் என்றார்.

எழுந்திருக்கும்போது அந்தோணிமேரி கேட்டார். "ஆமா, காயத்துல மண்ணு ஒட்டியிருந்திச்சின்னு சொன்னீங்களே, எப்படி ஒட்டிச்சி?"

உருண்டதில் ஒட்டியது என்று சொன்ன அரசு, குழுவின் பழக்கத்தையும் விளக்கினான். நடுக்கோட்டு மண்ணின் மகிமையையும் சேர்த்துச் சொன்னான். அந்த அம்மாளின் முகத்தில் முதல்முறையாகப் பயம் தெரிந்தது.

"தம்பி, இவ்வளவு நேரம் நீங்க பயந்ததுக்கு எனக்குப் பயமே இல்ல. இதுக்குத்தான் பயமா இருக்கு. ஜன்னி வந்து வாயத் தொறக்க முடியாமப் போயிடும். கடைசியா டி.டி. ஊசி எப்பப் போட்டீங்க?"

பள்ளிக்கூடத்தில் போட்டதாக ஞாபகம் என்றான். அந்த வகையில், எச்.ஐ.வி.க்குப் பயந்து போனவன் மண்ணுக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்தான்.

முதல் பரிசோதனையில் ஒன்றுமில்லை. மனசுக்கு விளங்கிவிட்டது. சுவேதாவைத் தூக்கிக்கொண்டான். ஆனால் கை தனி ஆளாகப் பிரிந்து நின்றது. அடுத்த பயிற்சியில் லியோ பாடி வந்தபோது, கணுக்கால் இதோ ஒரு முழத்தில் இருக்கிறது, அரசு பாய்ந்தான், கை மட்டும் வரவில்லை. அந்தரத்தில் நின்றுவிட்டது. லியோ தொட்டுவிட்டுப் போய்விட்டான். மறுபடி பாடி வந்தான். மறுபடி அப்படியே. பஸ்ஸை நிறுத்திய கை ஒரு கணுக்காலுக்கு வர மறுத்தது.

"என்னா அரசு, கைய கடைல வச்சிட்டு வந்துட்டியா?" என்று ஆண்டி தனியே தள்ளிக்கொண்டு போய்க் கேட்டார். விடவில்லை. வீட்டுப் பிரச்சினையா, கடைப் பிரச்சினையா, இல்லை ஆட்டத்தை விட்டுவிடுகிறாயா என்று துளைத்தார். தில்லைநாயகி சொன்னதை மறந்து அரசு வாயைத் திறந்துவிட்டான்.

ஆண்டி கெடிலம் இருக்கும் திசையில் கையை நீட்டி, செத்தாலும் ஒருத்தரிடம் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தார். சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தார். குழுவில் ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து, செத்தாலும் ஒருத்தரிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னார். பத்தே நாளில் இந்த ரகசியம் குழு முழுக்கப் பரவி, அவ்வளவு பேரும் அதைக் கட்டிக் காத்தார்கள். லியோவுக்கு அது எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கபடி என்று சொல்ல முடியாது. லியோ கோட்டைத் தாண்டினால் ஏழு பேரும் கோழியை விரட்டுகிற மாதிரி கையை மட்டும் வீசினார்கள். கார்னருக்குப் பக்கத்தில் கவரில் நிற்கும் தைரியராஜ் நூற்றுப் பத்து கிலோ. அவன் முழுக்கை சட்டை, முழுக்கால் பேன்ட், குரங்குக் குல்லா, இரண்டு கையிலும் சாக்ஸ் என்று வந்து நின்றான். பனிக்காலம், உடம்புக்கு ஆகவில்லை என்றான். அன்றைக்கு வெயிலில் நடுக்கோட்டில் போட்ட சுண்ணாம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

லியோ ஆட்டத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. பாடிப் போவான், எல்லாரையும் தொடுவான், திரும்புவான். முன்பெல்லாம் திரும்பி வந்ததும் தொடையைத் தட்டுவான். இப்போது தட்டுவதில்லை. ஒருநாள் பாடிப் போனவன் அரசுக்கு எதிரே வந்து, வேண்டுமென்றே காலை அவன் கைக்கு நேரே வைத்துக்கொண்டு நின்றான். பாட்டு போய்க்கொண்டே இருந்தது. அரசு அந்தக் காலையே பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். லியோ காலை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டான்.

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பொங்கல் போட்டி. முதல் பரிசு ஆளுயரக் குத்துவிளக்கு, இரண்டாம் பரிசு ஆளுக்கொரு சுவர்க் கடிகாரம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று பஸ்ஸில் போகும்போது லியோவின் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. தைரியராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வந்தான். உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமாம். அரசு இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்து வெள்ளாற்றுப் பாலம்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

மைதானத்தில் நடுவர் எல்லாருடைய நகத்தையும் சோதித்தார், உடம்பில் எண்ணெய் தடவியிருக்கிறார்களா என்று தொட்டுப் பார்த்தார். லியோவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் திருப்பினார். லியோ அந்தக் கையை அவசரப்பட்டு இழுத்துக்கொள்ளவில்லை என்பதை அரசு கவனித்தான்.

அரையிறுதியில் சிக்கல் தெரிந்தது. எதிராளிகள் வெளியூர்க்காரர்கள், விஷயம் தெரியாதவர்கள். லியோவைப் பிடித்தார்கள். மறுபடி பிடித்தார்கள். சில வாரமாக யாரும் பிடிக்காததால் உருவிக்கொண்டு வரும் வித்தை அவன் உடம்புக்கு மறந்துபோயிருந்தது. ஆனால் மூன்று ஆளுக்கு அடியிலிருந்து எழுந்து வந்த லியோ சிரித்துக்கொண்டே வந்தான். அவுட் ஆனவன் அப்படிச் சிரித்து அரசு பார்த்ததில்லை. மற்றவர்கள் ஆடிய ஆட்டத்தில் எப்படியோ ஒரு புள்ளியில் ஜெயித்தார்கள்.

"இப்படி மாட்டினா ஃபைனல்ல நாறிடுவோம்," என்று ஆண்டி மோவாயைத் தடவினார். பிறகு எதிர்க்குழு உட்கார்ந்திருந்த பந்தல் பக்கம் டீ குடிக்கப் போகிறேன் என்று போனார். திரும்பும்போது முகம் தெளிவாக இருந்தது.

இறுதி ஆட்டம் சிதம்பரம் குழுவோடு. அவர்களுக்குத் தலைவன் சுப்பராயலு, பனைமரத்துக்கு மீசை வைத்த மாதிரி இருப்பான். லியோ முதல்முறை கோட்டைத் தாண்டியதும் அந்தப் பனைமரம் பின்னால் நகர்ந்தது. ஏழு பேரும் நகர்ந்தார்கள். லியோ ஒரு அடி வைத்தால் அவர்கள் இரண்டு அடி வைத்தார்கள். தொடுவதற்கு முன்னாலேயே பின்கோட்டைத் தாண்டிப் போய்த் தாங்களாகவே அவுட் ஆனார்கள். ஒருத்தன் அவுட் ஆன வேகத்தில் நிற்காமல் போய்ச் சிதம்பரம் கீழவீதித் தேர்முட்டியில்தான் நின்றான் என்று பின்னால் சொன்னார்கள். புள்ளி ஏறிக்கொண்டே போனது. கூட்டம் முதலில் கை தட்டியது, பிறகு என்ன நடக்கிறதென்று புரியாமல் அடங்கியது. ஆண்டி மட்டும் தட்டிக்கொண்டிருந்தார்.

அரசுக்குப் புரிந்துவிட்டது. லியோவுக்கும் புரிந்துவிட்டது. அடுத்த தடவை பாடிப் போனவன் நேராகச் சுப்பராயலுவின் முன்னால் போய் நின்று காலை நீட்டினான். சுப்பராயலு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

லியோ பாட்டை நிறுத்தினான். அப்படியே எதிராளி மைதானத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நடுவர் விசிலை ஊதி அவுட் கொடுத்தார். இடைவேளைக்கும் அதுவே விசில்.

லியோ எழுந்து வந்து சட்டையைப் போட்டுக்கொண்டு பையை எடுத்தான்.

"எங்கடா கெளம்பிட்ட? பெரிய லீடிங்ல இருக்கோம்!" என்றார் ஆண்டி.

"நீங்களே ஆடுங்கண்ணே. என்னய வச்சி நாய வெரட்டுற மாதிரி வெரட்டுறீங்க."

அரசு குறுக்கே போய் நின்றான். லியோ அவனை நிமிர்ந்து பார்த்தான்.

"அவுங்களுக்கு யாரு சொன்னது?"

"ஆண்டியண்ணன்."

"அவுருக்கு?"

"நான்தான் மச்சான்."

லியோ பையைத் தோளில் மாட்டினான். குரல் உயரவே இல்லை. "சொன்னதுக்குக்கூட நான் ஒண்ணும் நெனைக்கல. இவனுங்க இன்னைக்கு வந்தவனுங்க, தெரியாது, பயப்படுறானுங்க. நீ ஹெல்மெட்டோட ஆஸ்பத்திரிக்குப் போயிக் கேட்டுட்டு வந்தது என் காதுக்கும் வந்திச்சி. நீயும் புடிக்க மாட்டேங்குற. நான் கபடி ஆடுறதே யாராவது புடிப்பாங்கன்னுதான் மச்சான். வீட்டுல எனக்குத் தனித் தட்டு, கம்பெனில தனி டம்ளரு. இங்க ஒரு எடத்துலதான் மேல வந்து விழுவானுங்க. இதுவும் இல்லன்னா நான் எதுக்கு ஓடணும்?"

அரசு தன் முழங்கையைப் பார்த்தான். டிசம்பரில் உரிந்த இடத்தில் புதுத்தோல் இளஞ்சிவப்பாகப் பளபளத்தது. இரண்டாவது பரிசோதனைக்கு இன்னும் நாள் இருந்தது. மார்ச்சில் எடுத்த அதிலும் ஒன்றுமில்லை என்றுதான் வந்தது, ஆனால் அன்றைக்கு அது அவனுக்குத் தெரியாது. அந்தோணிமேரி சொன்னது தெரியும். அது மனசில் இருந்தது. அதைக் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"பையக் கீழ வையி," என்றான். "பாடி வா."

"என்னாது?"

"நான் அந்தப் பக்கம் நிக்கிறேன். பாடி வாடா. புடிக்கலன்னா பையத் தூக்கிக்கிட்டுப் போ."

அரசு காலியாகக் கிடந்த எதிராளி மைதானத்தில், பின்கோட்டுக்கு ஓரடி முன்னால், இடது கார்னரில் போய்த் தனியாக நின்றான். டீ குடித்துக்கொண்டிருந்த கூட்டம் திரும்பியது. சிதம்பரத்துக்காரர்கள் பந்தலிலிருந்து எழுந்து வந்தார்கள். லியோ பையைக் கீழே வைத்தான். பிறகு சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டான்.

கபடி, கபடி, கபடி.

வந்தான். விளையாட்டுக்கு வரவில்லை, தப்பித்துப் போகத்தான் வந்தான். வலது பக்கம் போக்குக் காட்டி இடது பக்கம் காலை வீசினான். அரசுவின் கை ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. பஸ் ஏணியை ஞாபகப்படுத்திக்கொண்டதோ என்னவோ, முன்னே பாய்ந்தது. கணுக்கால் கைக்குள் வந்தது. லியோ துள்ளினான், உதறினான், நடுக்கோட்டை நோக்கித் தரையோடு நீந்தினான். அரசுவும் பின்னாலேயே இழுபட்டான். மைதானத்தில் அவர்கள் உழுத சால் அடுத்த மழைவரை அழியவில்லை, அதில் தண்ணீர் தேங்கித் தவளை குடியிருந்தது. லியோவின் விரல் நடுக்கோட்டுக்கு அரை அடி தள்ளி நின்றுபோனது. மூச்சும் நின்றது.

"விடு மச்சான்," என்றான் லியோ, கவிழ்ந்தபடியே.

"விட மாட்டேன்."

"அவுட்டு ஆயிட்டேன்டா, விடு."

"இரு."

சுப்பராயலு வந்து குனிந்தான். அரசுவின் அதே முழங்கை அதே இடத்தில் மறுபடி உரிந்திருந்தது.

"ஏம்பா, ஒனக்குப் பயமா இல்ல? ஒட்டிக்காதா?"

"பயமாத்தான் இருந்திச்சி," என்றான் அரசு. "ஆஸ்பத்திரில கேட்டுட்டேன். தொட்டா வராது, வேர்வைல வராது, இந்த மாதிரி உரிசலுக்கெல்லாம் பயப்பட வேணாம். ரெண்டு பக்கமும் ரத்தம் ஓடி ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்தாத்தான் யோசிக்கணும். அதுக்குத்தான் ரத்தம் வந்தா யாரா இருந்தாலும் வெளிய வந்து கழுவி ஒட்டிடணும். எங்ககிட்ட பிளாஸ்திரி இருக்குது."

"மண்ணு வைப்பீங்களாமே?"

"அது கூடாது. அதுக்கு ஊசி போட்டுடுறாங்க. கையத் தூக்க முடியல."

சுப்பராயலு மீசையைத் தடவிக்கொண்டு லியோவைப் பார்த்தான். "நீ ஏம்பா அவ்ளோ நேரம் என்னய கால வச்சி வெறுப்பேத்துன?"

"நீங்க ஏண்ணே கையக் கட்டிக்கிட்டு நின்னீங்க? கோயில்ல சாமி கும்புடுற மாதிரி."

சுப்பராயலு சிரித்தான். "வா, வச்சிக்கிறேன்."

இரண்டாவது பாதியில் வைத்துக்கொண்டார்கள். லியோ பாடிப் போனதும் சுப்பராயலு இடுப்பைப் பிடித்தான், இன்னொருவன் தொடையைப் பிடித்தான், பின்னால் இரண்டு பேர் கூரை சரிந்தது போல மேலே விழுந்தார்கள். அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து லியோவின் குரல் கேட்டது. "விடாதீங்கடா! விடாதீங்க!" எந்தக் குழுவுக்கு ஆடுகிறான் என்று நடுவருக்கே சந்தேகம் வந்தது.

எழுந்தபோது லியோவின் மோவாயில் சிராய்த்து, ஒரு பொட்டு ரத்தம் துளிர்த்திருந்தது. நடுவர் விசில் ஊதினார். லியோ வெளியே வந்து தானே தண்ணீர் ஊற்றிக் கழுவி, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டான். தைரியராஜ் ஓடிவந்தான். கையில் சாக்ஸ் இல்லை. பிளாஸ்திரி டப்பா இருந்தது. அதை யாரோ பிடுங்கினார்கள். சுப்பராயலு.

"உங்க ஊருல புடிச்சவன்தான வைக்கணும்?" என்று அவன் பிளாஸ்திரியைப் பல்லால் கிழித்து, மோவாயில் பஞ்சின் மேல் குறுக்கே ஒட்டி, கட்டைவிரலால் நன்றாக அழுத்திவிட்டான். லியோவுக்குக் கண் கலங்கியது. எரிகிறது என்றான்.

ஆட்டம் போய்விட்டது. முதல் பாதியில் வந்த புள்ளி அத்தனையும் திரும்பப் போய், அதற்கு மேலும் போனது. ஆண்டி பந்தல் காலில் முட்டிக்கொள்ளாத குறை. குத்துவிளக்கு சிதம்பரத்திலேயே நின்றுவிட்டது. கெடிலக்கரை குழு ஆளுக்கொரு சுவர்க் கடிகாரத்தோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இட்லியும் கொத்சுவும் சாப்பிட்டது. தோற்ற குழு சாப்பிட்ட சாப்பாட்டில் அந்தக் கடையில் கத்திரிக்காய் தீர்ந்து, அன்றைக்கு மட்டும் கொத்சுவில் வாழைக்காய் போட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அரசு போய் லியோவின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். தைரியராஜ் முன்சீட்டிலிருந்து திரும்பி, "மேல எத்தினி பேருடா விழுந்தானுங்க?" என்று கேட்டான்.

"நாலு," என்றான் லியோ.

புதுச்சத்திரத்தில் யாரோ கேட்டபோது ஆறு என்றான். ஆலப்பாக்கத்தில் எதிர்க்குழு மொத்தமும் விழுந்திருந்தது, மாற்று ஆட்டக்காரர்கள் உள்பட. கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது நடுவரும் விழுந்துவிட்டார்.

"நடுவருமா?" என்றார் ஆண்டி சந்தேகமாக.

"அவுருதான்ணே எனக்கும் கீழ இருந்தாரு. பாவம், நசுங்கிட்டாரு. என்னா மச்சான், நீ பாத்தல்ல?"

நான்கு பேரைத் தன் கண்ணால் பார்த்திருந்த அரசு, கடிகாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லியோவின் தோளில் கையைப் போட்டான்.

"ஆமா," என்றான். "அவுரு செருப்புகூட அங்கயே கெடக்குது."